யாருடைய நாய்?

கல்முனைக் கரையின் எந்தத் தெருவிலாவது ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டால், கூடுகின்ற கூட்டத்திலிருந்து முதலில் எழும் கேள்வி "யாருடைய நாய்?" என்பதுதான். அக்கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. காலையில் அதற்கு மீன்தலை வீசியவர் ஒருவர். பகலில் அது படுத்துறங்கும் நிழல் இன்னொருவருடையது. நள்ளிரவில் அது குரைத்துக் கள்வனை விரட்டியதால் நன்மை பெற்றவர் மூன்றாமவர். ஆயினும் கடித்துவிட்டது என்றதும் மூவரும் கைவிரித்துவிடுகின்றனர். சோறு போடும்போது ஊர் நாய். காவல் காக்கும்போது எங்கள் நாய். கடித்துவிட்டால் மட்டும் கட்டாக்காலி நாய்! இந்த விந்தையான கணக்கிலேதான் நம்முடைய பிள்ளைகளின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

நாயைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நாட்டிலே எத்தனையோ பெரும் பிரச்சினைகள் இருக்க, தெருநாய்தானா கிடைத்தது என்று வினவவும் கூடும். அவர்களுக்கு நாம் ஒன்றே கூறுவோம். ஒரு மக்களின் பொதுவாழ்வு எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை மேடைப் பேச்சைக் கொண்டு அளவிட முடியாது. அவ்வூரின் குப்பை எங்கே கிடக்கிறது, வடிகால் எப்படி ஓடுகிறது, நாய் எவர் பொறுப்பில் வளர்கிறது என்பவற்றைக் கொண்டே அளவிட முடியும். பொறுப்பேற்பாரின்றித் திரியும் நாய், பொறுப்பேற்பாரின்றிக் கிடக்கும் ஊராட்சியின் நடமாடும் அடையாளம்.

நாய் கடித்த புண் சில நாட்களில் ஆறிவிடும். நாம் அஞ்சுவது அப்புண்ணின் வழியே உடலுக்குள் புகக்கூடிய விசர்நாய்க்கடி நோய்க்கு. நீர்வெறுப்பு நோய் எனவும் இதனை வழங்குவர். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலுள்ள வைரஸ் கடிவாய் வழியே புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல ஊர்கின்றது. ஒரு வாரத்தில் நோய் தலைகாட்டுவதும் உண்டு; ஓராண்டு கடந்து தலைகாட்டுவதும் உண்டு; இரண்டு மூன்று மாதங்களில் வெளிப்படுவதே பெரும்பான்மை. நோயின் குறி தோன்றியபின் எந்த வைத்தியராலும் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால், குறி தோன்றுவதற்கு முன் காலந்தாழ்த்தாது சிகிச்சை பெற்றால், நோயே அணுகாமல் தடுத்துவிடலாம். 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் திகதி, பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், விசர்நாய் கடித்த யோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை அளிக்கச் செய்து அவனைக் காப்பாற்றினார். அன்று தொட்டு இந்நோயால் நிகழும் ஒவ்வொரு சாவும் தடுத்திருக்கக்கூடிய சாவே. இருந்தும், உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோய்க்குப் பலியாவதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் பத்துக்கு நால்வர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மனிதருக்கு இந்நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை நாயின் வாயிலிருந்துதான்.

நம் நாட்டின் கதையைப் பார்ப்போம். 1973 ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் மாண்டனர். 1975 ஆம் ஆண்டில் நாடளாவிய தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின் இத்தொகை படிப்படியாகச் சரிந்து, அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 20, 30 என்ற அளவிற்கு வந்திருக்கிறது. இது பாராட்டத்தக்க சாதனை என்பதை மறுப்பாரில்லை. ஆனால், 377 ஐ 30 ஆகக் குறைக்கத் தெரிந்த நாட்டிற்கு, அந்த முப்பதை ஒன்றுமில்லாததாக்க இன்னும் ஏன் இயலவில்லை? எஞ்சிய அந்த வழி, உரிமையாளர் எவருமில்லாத நாயின் வழி. ஊசி போடும் ஊழியர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, "இது எங்கள் நாயல்ல" என்று கூறப்படுகிற நாயின் வழி.

இனி நம் கரையை நோக்குவோம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பொத்துவில் வரை நீளும் இந்தக் கடற்கரை வீதியில், ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றோர் ஊர் எங்கே தொடங்கியது என்று புதிதாய் வருபவர் அறிவதரிது. வீட்டோடு வீடும் வேலியோடு வேலியும் ஒட்டியிருக்கின்றன. கிழக்கே கரைவலை இழுப்போரின் மீன்வாடிகள். மேற்கே சம்மாந்துறை வரையும் அதற்கப்பாலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற வயல் வட்டைகள். இம்மண்ணில் நாயின்றி வேளாண்மையைக் காத்தவர் குறைவு. இரவில் வட்டைக்குள் வாடியமைத்துக் காவலிருக்கும் உழவனுக்குப் பன்றி வருவதையும் யானை வருவதையும் முதலில் அறிவிப்பது அவனுடைய நாயின் காதே. மாட்டுப் பட்டியைச் சுற்றிவந்து கன்றைக் காப்பதும் நாயே. மீன்வாடியில் வலையையும் தோணியையும் விட்டு வீடு செல்வோர், அங்கே நாயை நம்பியே செல்கின்றனர். ஆகவே, "முஸ்லிம் ஊர்களில் நாய்க்கு இடமில்லை" என்று வெளியார் சிலர் எண்ணுவது நம் கிராம வாழ்வை அறியாதவர் கூற்று. நாய் இங்கே என்றும் இருந்து வந்திருக்கிறது. அதற்குரிய பொறுப்பு மட்டுமே எங்கோ வழிதவறிவிட்டது.

வழிதவறியது எங்ஙனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வட்டையிலே வளர்ந்த பெட்டை நாய் குட்டி போடுகிறது. நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள்தாம். ஆண்டுக்கு இருமுறைகூட அது ஈனக்கூடும். கடுவன் குட்டிகளை வேண்டுவோர் எடுத்துச் செல்கின்றனர். பெட்டைக் குட்டிகளோ சாக்கில் கட்டப்பட்டு, இருளோடு இருளாக, பக்கத்து ஊர்ச் சந்தையடியிலோ குப்பைமேட்டிலோ விடப்படுகின்றன. விட்டவர் தம் ஊரைச் சுத்தமாக்கிவிட்டதாக எண்ணித் திரும்புகிறார். அதே இரவில் பக்கத்து ஊரவர் ஒருவரும் தம் சாக்கை எடுத்துக்கொண்டு இவருடைய ஊருக்கு வந்து சேர்கிறார்! இறைச்சிக் கடைக் கழிவும், மீன் சந்தைக் கழிவும், கலியாண வீட்டு எச்சிலும் அக்குட்டிகளுக்குத் தாய்ப்பாலாகின்றன. ஆறு மாதம் கழிந்து அவையும் ஈனத் தொடங்குகின்றன. இவ்வாறு கூட்டங்கூட்டமாய்ப் பெருகும் நாய்களை உண்டாக்கியவர் யார்? நாமேதான்.

இவ்விடத்தில் மார்க்கத்தைப் பற்றிய ஒரு கேள்வி குறுக்கிடும். நாய் அசுத்தமானது என்று மார்க்கம் கூறியிருக்க, அதனை வளர்க்கவும் பழக்கவும் சொல்லலாமா என்று கேட்போர் இருக்கின்றனர். இது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே இதற்கு விடையளிக்க வேண்டும்.

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் உமிழ்நீரும் அதன் ஈரமும் கடுமையான நஜீஸ். பட்ட பாத்திரத்தையோ இடத்தையோ ஏழு முறை கழுவ வேண்டும்; அவற்றில் ஒன்று மண் கலந்ததாயிருக்க வேண்டும். இதில் ஐயமில்லை. ஆனால், அதே மார்க்கச் சட்டம் கால்நடையைக் காக்கவும், பயிரைக் காக்கவும், வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதியளித்திருக்கிறது. தேவையின்றி வெறும் பெருமைக்காக வைத்திருப்பதையே கண்டிக்கிறது. உலர்ந்த நாய் உலர்ந்த ஆடையிற் பட்டால் அதனால் அசுத்தம் ஒட்டுவதில்லை என்பதும் அறிஞர் கூறிய விளக்கமே. இதனை அறியாத பெற்றோர் சிலர், நாயைக் கண்டதும் பிள்ளையை அலறி ஓடச் செய்கின்றனர். கல்லெடுத்து வீசவும் பழக்குகின்றனர். ஓடுகின்ற பிள்ளையைத்தான் நாய் துரத்துகிறது. கல்லடி பட்ட நாய்தான் அடுத்த பிள்ளையைக் கடிக்கிறது. கழுவச் சொன்னது மார்க்கம். கல்லெறியச் சொன்னது யார்?

தாகத்தால் மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலணியில் நீர் மொண்டு கொடுத்த மனிதருக்கு இறைவன் பாவமன்னிப்பளித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி, ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. திருக்குர்ஆனின் 18 ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் கஹ்பில், குகையில் உறங்கிய இளைஞரோடு வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயும் சேர்த்தே பேசப்படுகிறது. இவற்றை வெள்ளிக்கிழமைதோறும் குத்பாக்களிற் கேட்கும் சமூகம், தெருவில் நாக்கு வறண்டு கிடக்கும் பிராணியைக் கண்டும் காணாமற் போகலாமா?

இவற்றினும் சிறப்பாக நாம் எடுத்துக்காட்ட விரும்புவது பிறிதொன்று. ஐந்தாவது அத்தியாயமாகிய ஸூரத்துல் மாயிதாவின் 4 ஆவது வசனம், பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. இங்கே "பயிற்றப்பட்ட" என்னும் சொல்லே கவனிக்கத்தக்கது. எந்த நாய் பயிற்றப்பட்ட நாய்? ஷாபிஈ சட்ட அறிஞர்கள் இதற்கு இலக்கணம் வகுத்தனர். ஏவினால் போக வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்த இரையைத் தான் உண்ணாதிருக்க வேண்டும். ஒருமுறை தற்செயலாக இவ்வாறு செய்தால் போதாது, மீண்டும் மீண்டும் செய்து அதுவே அதன் வழக்கம் என்று அறியப்பட வேண்டும். பழக்கிய நாய் கொண்டுவந்தது ஆகுமானது. பழக்காத நாய் கொன்றுபோட்டது ஆகாது. ஒரே சாதி நாய்தான். இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஒன்றன் பின்னால் ஒரு மனிதனின் உழைப்பும் பொறுப்பும் நிற்கின்றன என்பதே. நாய் வளர்ப்பைப் பற்றி இதனினும் தெளிவான கொள்கையை எந்த மேல்நாட்டு நூலும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

தமிழிலக்கியமும் இதற்கு மாறுபடவில்லை. நாலடியார் யானையையும் நாயையும் அருகருகே நிறுத்தி, பழகிய பாகனையே கொல்லக்கூடிய யானையை விட, தான் புண்பட்ட போதும் வளர்த்தவனிடம் அன்பு மாறாத நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்று கூறுகிறது. யானைக்கும் நாய்க்குமிடையே இரவைக் கழிக்கும் நம் வட்டைக் காவற்காரருக்கு இவ்வுண்மையை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த அன்பு தானாக ஒழுக்கமாக மாறிவிடாது. பழக்கினால்தான் மாறும்.

நாயைப் பழக்குவது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவது தவறு. கண்டி அஸ்கிரியவிலுள்ள பொலிஸ் நாய்ப் பிரிவிற் பயிலும் நாய்க்குத்தான் பயிற்சி வேண்டும், வாடி நாய்க்கு வேண்டாம் என்பதில்லை. குட்டி பிறந்த மூன்றாவது கிழமை தொடக்கம் மூன்று மாதம் வரையுள்ள காலமே அதன் குணம் உருவாகும் காலம். அக்காலத்தில் பிள்ளைகளின் குரலையும், மோட்டார் வண்டியின் ஓசையையும், ஆடு மாடு கோழிகளையும், அயலவர் வந்துபோவதையும் அது அச்சமின்றிக் கண்டு பழக வேண்டும். அப்போது அஞ்சி ஒளிந்த குட்டி, வளர்ந்தபின் அஞ்சியே கடிக்கும். தாயைப் பிரிப்பதும் எட்டுக் கிழமைக்கு முன் ஆகாது. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கடியின் அளவைக் கற்கிறது.

குட்டிக்கு ஒரே பெயர் வைத்து, வீட்டார் அனைவரும் அப்பெயராலேயே அழைக்க வேண்டும். "வா", "இரு", "விடு" ஆகிய மூன்று சொற்களே போதும். அவற்றை நாளுக்கொரு விதமாய் மாற்றலாகாது. சொன்னதைச் செய்த உடனே ஒரு துண்டு கருவாடோ ஒரு பிடி சோறோ கொடுக்க வேண்டும். சிறிது நேரம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. ஒரு வேளைக்கு ஐந்து பத்து நிமிடப் பயிற்சி போதும். ஆனால், நாள்தோறும் வேண்டும். அடித்துப் பழக்குவோர் நாயைப் பழக்கவில்லை. தம் கையைக் கண்டால் பதுங்கவும், தாம் இல்லாதபோது பிறரைக் கடிக்கவும் கற்பிக்கின்றனர். அவ்வாறே, பகல் முழுவதும் முழநீளச் சங்கிலியிற் கட்டி வெயிலிற் போட்ட நாய் நல்ல காவல் நாயாகாது. அது சினம் கொண்ட கைதியாகவே வளரும். ஒருநாள் கட்டறுத்தால் முதலில் அகப்படுவது வேலியோரம் விளையாடும் குழந்தைதான்.

உணவிலும் ஒழுங்கு வேண்டும். சோறும் மீனும் இறைச்சித் துண்டும் நாய்க்கு ஆகும். அவித்த கோழியெலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்கலேற்று அதற்கு நஞ்சு. எந்நேரமும் எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் கால்நடை வைத்தியரிடம் மருந்துண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் குறிக்கும் வயதில் விசர்நோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் அதே ஊசியும் போடப்பட வேண்டும். குட்டி வேண்டாதவர் கருத்தடைச் சிகிச்சை செய்விப்பதே முறை. சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் விடும் பாவத்தினின்றும் அது அவரைக் காக்கும். மார்க்கத்தின் தூய்மை விதியைப் பேண விரும்புவோர், வீட்டுக்கு வெளியே முற்றத்தின் ஓரத்தில் நாய்க்கென்று கூடும், அதற்கென்றே தனிப் பாத்திரமும் வைத்துவிட்டால், தொழுகைக்கும் தூய்மைக்கும் இடையூறில்லை, நாய்க்கும் குறைவில்லை.

தனிமனிதர் கடமை இதுவாயின், ஆட்சிமன்றங்களின் கடமை யாது? இந்நாட்டில் விசர்நோயைத் தடுக்கும் சட்டம் 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. வளர்க்கும் நாயை உள்ளூராட்சி மன்றத்திற் பதிவுசெய்வது நூற்றாண்டுக்கு மேற்பட்ட கடமை. நம் ஊர்களில் எத்தனை வீட்டார் அதனைச் செய்கின்றனர்? சட்டம் ஏட்டில் உறங்குகிறது. நாய் தெருவில் உறங்குகிறது. பதிவேடு சரியாயிருந்தால் எந்த நாய்க்கு ஊசி போடப்பட்டது, எதற்குப் போடப்படவில்லை என்று ஒரு நாளிற் கண்டுவிடலாம். "யாருடைய நாய்?" என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டிய ஏடு அதுவே.

முற்காலத்தில் ஆட்சியாளர் கண்ட குறுக்குவழி கொல்வது. நச்சூட்டியும், வாயுக் கூண்டில் அடைத்தும் ஆயிரமாயிரம் நாய்கள் கொல்லப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் அரசு கொல்லாமைக் கொள்கையை மேற்கொண்டது. இன்றும் எங்கேனும் ஒரு பிள்ளை கடியுண்டால், பழையபடி கொன்றுவிடுங்கள் என்ற கூக்குரல் எழுவதைக் கேட்கிறோம். பிள்ளையைப் பெற்றவரின் துயரம் நமக்கு விளங்குகிறது. ஆனால், கொல்வதால் பயனில்லை என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். குப்பைமேடு இருக்கும் வரை, கொன்ற நாயின் இடத்தை வேறு நாய் வந்து நிரப்பும். வருகின்ற நாயோ ஊசி போடப்படாத புதிய நாய். ஊசி போடப்பட்டு ஊரோடு பழகிய நாய் உயிரோடிருந்தால், அதுவே நோய்க்கு வேலியாகிறது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு 70 க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எழுபது என்பது எட்ட முடியாத எண்ணன்று. ஆனால், சொந்தக்காரர் பிடித்துவந்து நிறுத்தும் நாய்களைக் கொண்டே அந்த எண்ணை எட்ட முடியும். உரிமை கோருவாரற்ற நாயைப் பிடிக்க வலையும் ஆளும் வேண்டும்.

குப்பைமேடு என்றோம். அது நாயோடு நின்றுவிடும் கேடன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு யானைகள் மாண்ட செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்து நம் மாவட்டத்தைத் தலைகுனிய வைத்தது. திறந்த வெளியிற் குப்பை கொட்டும் மன்றம், காட்டின் ஓரத்தில் யானையை அழைக்கிறது. சந்தையின் ஓரத்தில் நாயை அழைக்கிறது. இறைச்சிக் கழிவையும் மீன் கழிவையும் அன்றன்றே மூடி அகற்றாமல், நாய்த்தொல்லை ஒழிக என்று தீர்மானம் நிறைவேற்றுவது, கதவைத் திறந்துவைத்துக் காற்றைக் கண்டிப்பது போன்றதே.

இங்கே மனம் வருந்திக் கூறவேண்டிய செய்தியொன்றுண்டு. கல்முனையில் நிர்வாக எல்லை பற்றிய பிணக்குகள் பல்லாண்டாக நீடிக்கின்றன. வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. அதனை எதிர்த்து மறுபுறமும் போராட்டம் எழுந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. இவற்றில் எவர் கோரிக்கை நியாயமானது என்பதை இத்தலையங்கத்தில் நாம் ஆராயப் புகவில்லை. ஒவ்வொரு பக்கத்தாருக்கும் தத்தம் நியாயங்கள் உண்டு. நாம் கூறுவது இதுவே: நாய்க்கு இந்த எல்லை தெரியாது. பாண்டிருப்பில் ஈன்ற குட்டி மருதமுனையில் வளரும்; சாய்ந்தமருதுக் குப்பையில் தின்ற நாய் காரைதீவில் உறங்கும். விசர்நோயின் வைரஸ் கடிக்குமுன் தமிழனா முஸ்லிமா என்று கேட்பதில்லை. ஒரு மன்றம் ஊசி போட்டு, அடுத்த மன்றம் போடாமல் விட்டால், இரு மன்றங்களும் போடாததற்கே சமம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, மருதமுனையும் சாய்ந்தமருதும் பாண்டிருப்பும் காரைதீவும் ஒரே நீரில் மூழ்கின. நம் மாவட்டம் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. அன்று ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டபோது எவரும் வரைபடத்தை விரித்து எல்லை பார்க்கவில்லை. அந்த ஒற்றுமை சாவு வந்தபின் மட்டுந்தான் வரவேண்டுமா? சாவைத் தடுக்கவும் அது வரலாகாதா?

ஆதலின், கரையோர மன்றங்கள் அனைத்திற்கும் நாம் சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம். கல்முனை மாநகர சபையும், அயலிலுள்ள பிரதேச சபைகளும், சுகாதார வைத்திய அதிகாரிகளும், கால்நடை வைத்திய அலுவலகங்களும் கூடி, ஒரே கிழமையில், வடக்கெல்லை தொட்டுத் தெற்கெல்லை வரை இடைவெளியின்றித் தடுப்பூசி இயக்கம் நடத்த வேண்டும். விசர்நோய் ஒழிப்புக்காக உலகம் நினைவுகூரும் செப்டெம்பர் 28 ஆம் திகதியை ஒட்டி அதனை ஆண்டுதோறும் நடத்தலாம். பாஸ்டர் மறைந்த நாளும் அதுவே. ஊசி போடப்பட்ட நாய்க்குக் கழுத்துப்பட்டி இட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெட்டை நாய்களுக்குக் கருத்தடைச் சிகிச்சையை இலவசமாக்க வேண்டும். சந்தைக் கழிவை மூடிய தொட்டியில் அகற்ற வேண்டும். குட்டிகளைச் சாக்கில் கட்டி வீசுவோரைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோவிற் பரிபாலன சபைகளும், பாடசாலை அதிபர்களும் தத்தம் ஒலிபெருக்கியிலும் வகுப்பறையிலும் இதனைச் சொல்ல முன்வர வேண்டும். மௌலவிமார் ஒரு ஜும்ஆவில் இதனை விளக்கினால், நூறு துண்டுப்பிரசுரங்கள் செய்யாததைச் செய்துவிடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். நாய் கடித்தாலும் பல்லாற் கீறினாலும், எவருடைய நாய் என்று ஆராய்வதற்கு முன், ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். மிளகாய்த்தூளோ, சுண்ணாம்போ, கோப்பித்தூளோ இடாதீர்கள். பார்வை பார்ப்பவரையும் நாட்டு மருந்தையும் நாடிக் காலங்கழிக்காமல் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே ஊசி இலவசம். வயிற்றைச் சுற்றி ஊசி குத்துவார்கள் என்ற பழைய அச்சத்திற்கு இன்று இடமில்லை. இப்போது கையிலேயே சில ஊசிகள் போடப்படுகின்றன. ஆனால், குறித்த நாட்களில் தவறாது சென்று அனைத்தையும் போட்டு முடிக்க வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அதனைக் கட்டிவைத்து 10 முதல் 14 நாட்கள் வரை கவனித்தால், அது நோயுற்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதற்காக உங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தாயிடம் ஏச்சு விழுமென்றோ, அசுத்தமென்று கழுவவைப்பார்கள் என்றோ அஞ்சிச் சிறு கீறலை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. நாய் பட்டதைச் சொன்னால் கோபிக்க மாட்டோம் என்று இன்றே உங்கள் பிள்ளைகளுக்குக் கூறிவையுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

நாயை நேசிப்பதும் நேசிக்காததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. எவரையும் நாய் வளர்க்குமாறு நாம் வற்புறுத்தவில்லை. வளர்ப்பவர் முழுமையாக வளர்க்க வேண்டும். வளர்க்காதவர் அரைகுறையாக வளர்க்காதிருக்க வேண்டும். மன்றங்கள் தம் கடமையைச் செய்ய வேண்டும். ஊரார் அனைவரும் சோறு போட்டு ஒருவரும் பொறுப்பேற்காத நிலை நீங்க வேண்டும். நாளை நம் தெருவில் "யாருடைய நாய்?" என்ற கேள்வி எழும்போது, "என்னுடையது, ஊசி போட்டிருக்கிறேன், பதிவும் செய்திருக்கிறேன்" என்று ஒருவர் முன்வந்து கூறுவாராயின், அன்றுதான் நம் பிள்ளைகள் அச்சமின்றிப் பள்ளி செல்வர். அந்த நாளை விரைந்து கொண்டுவருவது மன்றங்களின் கையிலும் உண்டு. மக்களின் கையிலும் உண்டு.